சுத்தியல் இல்லாத வீட்டில் ஆணி

ஜூலை 6, ஞாயிறு

காலையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது என் பெண்டாட்டி அம்சவள்ளி விழுந்துவிட்டாள். ஆள் இல்லை, போட்டோ. ஆள் போன வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டாள். கூடத்துத் தெற்குச் சுவரில் நான் அடித்து வைத்த ஆணி, பூச்சோடு பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறது. கண்ணாடி உடையவில்லை. தூக்கி வைத்து, "இன்னாடி, இன்னும் கோவமா?" என்று கேட்டேன். முறைத்தாள். போட்டோ எடுக்கிற அன்றைக்கே என்னை முறைத்துக்கொண்டு நின்றவள்தான்.

நான் அடித்த ஆணி எதுதான் நின்றது? தலை தொங்கிப் போகும். பார்த்துப் பார்த்து அவளே அம்மிக் குழவியைத் தூக்கி வந்து நாலு போடு போடுவாள். ஆணித்தலை லேசாக மேலே பார்க்கிற மாதிரி அடிப்பாள். அப்போதுதான் மாட்டினது வழுக்காதாம். சுத்தியல் வாங்கிக் கொடுத்த பிறகும் குழவியை விடவில்லை.

இன்றைக்கு நான் சுத்தியலைக் கையில் எடுத்ததும் மருமகள் சந்தியா அறையிலிருந்து வந்துவிட்டாள். எட்டு மாசம் அவளுக்கு.

"மாமா, இன்னா பண்றீங்க? புள்ளத்தாச்சி இருக்கிற வூட்ல ஆணி அடிக்கலாமா?"

"உன்னையா அடிக்கிறேன்? செவுத்தத்தான அடிக்கிறேன்."

அவள் சிரிக்கவில்லை. "போன தடவதான் நாலாம் மாசத்துலயே தங்காம போச்சு. நீங்க ஆணி அடிச்சா நான் ரிஷிவந்தியத்துக்கு எங்க சித்தி வூட்டுக்குப் போயிடுவேன்" என்றாள். அவளுக்கு அம்மா கிடையாது. அந்தச் சித்தி சோற்றைப் போட்டுவிட்டு உருண்டையைக் கண்ணால் அளப்பவள். அங்கே போய் இந்தப் பெண் எப்படிப் பிள்ளை பெறுவாள்?

சுத்தியலைக் கீழே வைத்துவிட்டேன். ஆனால் 24ஆம் தேதி ஆடி அமாவாசை. படையல் போடும்போது இவள் சுவரில் இருக்க வேண்டாமா? தரையில் உட்கார்ந்து சாப்பிடச் சொன்னால் இன்னும் முறைப்பாள்.

ஜூலை 8, செவ்வாய்

கச்சிராயபாளையம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கலையரசனின் ஹார்டுவேர் கடை. ஆணி அடிக்காமல் போட்டோ மாட்ட வழி கேட்டேன்.

"உன் வூட்டு செவுரு உள்ள மண்ணுக் கல்லு, மேல சிமெண்டு பூச்சு, அதும்மேல சுண்ணாம்பு. கான்கிரீட் ஆணி அடிச்சா பொலபொலன்னு உதிரும். டிரில்லு போட்டு, பிளாஸ்டிக் கட்ட சொருவி, ஸ்க்ரூ முறுக்கணும்."

"டிரில்லு சத்தத்துக்கு உள்ள இருக்கிற புள்ள எழுந்து ஓடிப் போயிடும்யா."

கடைசியில் ஒட்டுகிற கொக்கி எடுத்துக் கொடுத்தான். மூன்று கிலோ தாங்குமாம். "உன் சொட்டையில ஒட்டி, தராசைத் தொங்க வுட்டுக் காட்டு, வாங்கிக்கிறேன்" என்றேன். டீ குடிக்க வந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். பத்து ரூபாய் ஜாஸ்தியாக வாங்கிவிட்டான்.

ஒட்டி, மாட்டியாயிற்று. நன்றாகத்தான் நிற்கிறது.

ஜூலை 10, வியாழன்

நிற்கவில்லை. கொக்கி சுண்ணாம்புத் தோலை உரித்துக்கொண்டு வந்துவிட்டது. அது பரவாயில்லை. கொக்கி தெற்குச் சுவருக்குக் கீழே கிடந்தது. போட்டோ அங்கே இல்லை. கூடத்தைத் தாண்டி, சந்தியா அறை வாசலில், நிலைக்கட்டையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. மருமகளைப் பார்க்க வந்தவள், உள்ளே கூப்பிடட்டும் என்று காத்திருக்கிற மாதிரி.

கதவைத் திறந்த சந்தியா கத்திவிட்டாள்.

என் மகன் சிவசங்கர் என்னைத் தனியே கூப்பிட்டான். "அப்பா, உன் வெளையாட்டெல்லாம் எங்கிட்ட வெச்சிக்கோ. அவகிட்ட வேணாம்."

"நான் வெக்கலடா."

"எங்க கல்யாணத்துல சம்பந்தி டம்ளர்ல ரப்பர் பல்லி போட்டதும் நீ இல்லன்னுதான சொன்ன?"

அது நான்தான். இது நான் இல்லை. எப்படி நம்ப வைப்பது?

ஜூலை 13, ஞாயிறு

ஆணியும் வேண்டாம், பசையும் வேண்டாம். சட்டத்தின் பின்னால் இரண்டு வளையம் இருக்கிறது. அதில் நைலான் கயிறு கோத்து ஜன்னல் கம்பியில் முடிச்சுப் போட்டேன். மாடு கட்டுகிற முடிச்சு. இழுத்துப் பார்த்தாலும் வராது. கலையரசன் இதைக் கேள்விப்பட்டால் கடையை மூடிவிடுவான்.

ஜூலை 16, புதன்

முடிச்சு அப்படியேதான் இருக்கிறது. ஆனால் தினமும் காலையில் பார்த்தால் போட்டோ திரும்பியிருக்கிறது. வாசலைப் பார்க்க மாட்டினால் சந்தியாவின் அறையைப் பார்க்கிறது. காற்று என்றேன். நேற்று ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்தேன். இன்றைக்கும் அங்கேயேதான் பார்க்கிறது.

சந்தியா இப்போது முந்தானையால் வயிற்றை மூடிக்கொண்டுதான் கூடத்தில் நடக்கிறாள்.

ஜூலை 19, சனி

எழுத்து கோணலாக வருகிறது.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் பாய் போட்டுப் படுத்திருந்தேன். சந்தியா வந்து எழுப்பினாள். முகம் வெளுத்திருந்தது.

"மாமா, ஆணி அடிக்கிற சத்தம் கேட்டுச்சு. டொக்கு டொக்குன்னு. புள்ள உள்ள துள்ளிச்சு."

எழுந்து பார்த்தேன். அவள் அறைக்கு எதிர்ச்சுவரில் ஒரு ஆணி. அதில் அம்சவள்ளி. ஜன்னல் கயிறு அவிழ்ந்து கீழே கிடந்தது. அங்கிருந்து பார்த்தால் சந்தியாவின் கட்டில் நேராகத் தெரியும்.

நான் அடிக்கலன்னு அவ தலைமேல சத்தியம் பண்ணேன். "என் தலைமேல சத்தியம் பண்ணாதீங்க மாமா"ன்னு அழுவுறா. சிவசங்கர் வந்து கொறடால ஆணியப் புடுங்கிப் போட்டான். எம் மூஞ்சியக்கூடப் பாக்கல. இன்னா செய்யச் சொல்றீங்க என்னை?

ஜூலை 20, ஞாயிறு

சுத்தியலைப் பக்கத்து வீட்டுப் பழனியிடம் கொடுத்துவிட்டேன். பிள்ளை பிறக்கிறவரைக்கும் நான் கேட்டாலும் தராதே என்றேன். "இன்னாண்ணே, அண்ணியார் மேல கேஸு போட்டுட்டியா, இது சாட்சிப் பொருளா?" என்று சிரித்தான். வழக்கமாக நான்தான் இப்படிக் கேட்பேன்.

ஜூலை 24, ஆடி அமாவாசை

போட்டோவை நாற்காலியில் வைத்துப் படையல் போட்டோம். வடை கருகிவிட்டது. அதற்கும் அம்சவள்ளி முறைத்தாள்.

ஜூலை 26, சனி

மறுபடியும் மத்தியானம். மறுபடியும் நான் தூங்கும்போது. அதே சுவர், அதே இடம், புது ஆணி. சுத்தியல் பழனி வீட்டில் இருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டும் வந்தேன்.

ஆணித்தலை மேலே பார்க்கிறது.

இன்னொன்றும் எழுத வேண்டும். என் இடது கட்டைவிரல் நகம் கறுத்திருக்கிறது. கதவிடுக்கில் நசுங்கியதா? ஞாபகமில்லை. விரல் சந்தில் சுண்ணாம்பு வேறு. வெற்றிலைக்குப் போட்டதா, சுவரில் உதிர்ந்ததா?

விழித்திருக்கும்போது ஒரு ஆணியை ஒழுங்காக அடிக்கத் தெரியாதவன் தூங்கும்போது அடிப்பேனா? ஐம்பது வருஷம் அவள் அடித்ததைப் பக்கத்தில் நின்று பார்த்த கை. எதையாவது கல்லை எடுத்து அடித்திருக்குமோ?

சந்தியா துணிமணியைப் பையில் அடுக்கிக்கொண்டிருக்கிறாள்.

ஜூலை 27, ஞாயிறு

அவளிடம் போய்ச் சொன்னேன். "யம்மா, நீ எங்கயும் போவாத. நான் போறேன். உங்க அத்தையும் எங்கூட வரட்டும். எங்களுக்கு இன்னொரு தடவ தேனிலவு."

சிரிப்பாள் என்று நினைத்தேன். "எங்க மாமா போவீங்க?" என்று கேட்டாள். கோபமில்லாமல் கேட்டாள். பையிலிருந்து ஒரு புடவையை எடுத்து மறுபடியும் கொடியில் போட்டாள். அதுபோதும்.

ஜூலை 28, திங்கள்

வெள்ளிமலை பஸ். போட்டோவை வேட்டியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். கண்டக்டர் "பெருசு, அது இன்னா கண்ணாடியா?" என்றான். "எம் பொண்டாட்டி. அரை டிக்கெட் போடு" என்றேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

மலைவளைவுகளில் மடி கனத்தது. இறங்கும்போது கால் மரத்துவிட்டது.

வேடியப்பன் வீட்டில் தங்கியிருக்கிறேன். அந்தக் காலத்தில் நான் கரும்பு வெட்ட ஆள் கூட்டிப் போக வரும்போது பழக்கம். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் சாமைக் காட்டு ஓரத்தில் தனி வீடு. செம்மண் சுவர், மேலே தகரம். "இதுல ஆணி அடிச்சா செவுரே வந்துடும்" என்றான். அதைத்தானே தேடி வந்தேன்! கூரை தாங்குகிற வாரைக் கட்டையில் கயிறு கட்டித் தொங்கவிட்டோம். அவன் வீட்டில் சுத்தியலும் இல்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

போட்டோ இங்கேயும் திரும்புகிறது. வேடியப்பனும் பார்த்தான். சுவரைப் பார்க்க வைத்தோம். சாப்பிட்டு முடிப்பதற்குள் மெல்ல மெல்லச் சுற்றி வாசலைப் பார்த்து நின்றது. வாசலுக்கு நேரே பள்ளம், பள்ளத்துக்கு அப்பால் சமவெளி, அங்கே எங்கள் ஊர்.

"கயித்து முறுக்கு" என்றான் வேடியப்பன். வேறு கயிறு போட்டான். அதற்குப் பிறகு அவன் அந்த வாசல் வழியாக வருவதில்லை. பின்பக்கமாக வருகிறான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சிவசங்கர் போன் பண்ணினான். சிக்னல் கிடைக்கப் பாறைமேல் ஏறி நின்று பேசினேன். வீட்டில் சத்தம் எதுவும் இல்லையாம். சந்தியா நன்றாகத் தூங்குகிறாளாம். பகலில் பழனி பெண்டாட்டி செவ்வந்தி துணைக்கு இருக்கிறாளாம்.

"பாத்தியாப்பா, நீ இல்லன்னா ஒண்ணும் இல்ல" என்றான். கடுமையாகச் சொல்லவில்லை. ஆனாலும் சொன்னான்.

அப்போ நான்தானா? என் கையா அது? ராத்திரி படுக்கும்போது இரண்டு கையையும் துண்டால் கட்டச் சொன்னேன். வேடியப்பன் மாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பகல் பதினோரு மணி இருக்கும். வாசலில் வேடியப்பனோடு அவரைக்காய் கிள்ளிக்கொண்டிருந்தேன். ஆடிக்கொண்டிருந்த போட்டோ சட்டென்று நின்றது. பிடித்து நிறுத்தின மாதிரி. எழுந்து போய்ப் பார்த்தேன். சட்டத்தின் கீழ் ஓரத்தில் வெள்ளையாகப் பொடி. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். சுண்ணாம்பு.

இந்த வீட்டில் சுண்ணாம்பே கிடையாது. எல்லாம் செம்மண். வெற்றிலைச் சுண்ணாம்பும் தீர்ந்து ரெண்டு நாளாகிறது.

சாயங்காலம் பாறைமேல் ஏறியதும் போன் வந்தது. பெண் குழந்தை. பதினோரு மணிக்குப் பிறந்ததாம். இரண்டு பேரும் சௌக்கியம். பாறைமேலேயே உட்கார்ந்து அழுதேன். வேடியப்பனிடம் கண்ணில் தூசி என்றேன். "ரெண்டு கண்ணுலயுமா?" என்றான்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

நாளைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறார்கள். வீட்டைக் கழுவி வைக்கலாம் என்று போட்டோவோடு முதல் பஸ்ஸிலேயே மலை இறங்கிவிட்டேன். சாவி பழனியிடம் இருந்தது. கொடுக்கும்போது கேட்டான்.

"அண்ணே, செவ்வாக்கெழம உன் வூட்ல யாரு இருந்தது?"

"யாரு இருப்பா? எல்லாரும் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில."

"பத்து, பதினோரு மணிக்கு டொக்கு டொக்குன்னு சத்தம். வந்து பாத்தேன். பூட்டு பூட்டுனபடியேதான் கீது."

"எலியா இருக்கும்டா."

"எலி ஆணி அடிக்குமா?"

"உங்க வூட்டு எலி அடிக்காது. எங்க வூட்டு எலி படிச்சது" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தேன்.

சந்தியா அறைக்கு எதிர்ச்சுவர். ஆணி. தலை மேலே பார்த்துக்கொண்டிருந்தது. கொல்லைக்குப் போனேன். மிக்ஸி வந்ததிலிருந்து யாரும் தொடாத அம்மி. குழவி அதன்மேல் இல்லை, பக்கத்தில் தரையில் கிடந்தது. முனையில் புதுசாக ஒரு பொளி, சில்லு பெயர்ந்த பள்ளம். பொளியில் சுண்ணாம்பு.

பயமாத்தான் கீது. அப்போ நான் இல்ல. நான் இல்லவே இல்ல. கூவிச் சொல்லணும்போல இருக்குது, ஆனா யாருகிட்ட சொல்றது? நாளைக்கு அந்தப் பொண்ணு பச்ச ஒடம்போட, கையில புள்ளயோட, இந்த வாசப்படி ஏறி வரும். வந்ததும் மொதல்ல இதத்தான் பாக்கும்.

குறடால் பிடுங்கப் பார்த்தேன். முன்னே அடித்த இரண்டும் வந்தன. இது அசையவில்லை. அறுத்துவிடலாம் என்று ரம்பம் தேடினேன். கையில் எடுத்த பிறகு மனசு வரவில்லை.

போட்டோவை அதிலேயே மாட்டினேன். மட்டம் பார்க்கவே தேவையில்லை. நேராக நின்றது. இவ்வளவு நாளில் முதல் தடவை அவள் என்னை முறைக்கவில்லை. அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

ஆகஸ்ட் 16, சனி

செவ்வந்தி ஆரத்தி எடுத்தாள். சந்தியா உள்ளே வந்து நாலு அடி வைத்தாள். நின்றுவிட்டாள். பிள்ளையைச் சுற்றியிருந்த துணியை இறுக்கிப் பிடித்தாள்.

"மாமா. இது..."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான்தான் அடிச்சேன். நேத்து வந்ததும் மொத வேலயே அதுதான். புள்ள பொறந்தாச்சுல்ல, இனிமே இன்னா கட்டுப்பாடு?"

"அப்போ முன்ன அடிச்சதும்..."

"அதுவும் நான்தான். நீ பயந்துக்கினு ஓடுறதப் பாக்க ஆசையா இருந்துச்சு. தப்புதான். வேணும்னா என்னை அந்த ஆணியில மாட்டிடு."

அவள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. தோள் இறங்கியது. அப்புறம் கோபம் வந்தது. "உங்களுக்கு வயசுதான் ஆச்சு! நான் ராவெல்லாம் எப்பிடி நடுங்கினேன் தெரியுமா?" என்று திட்டினாள். நன்றாகத் திட்டினாள். திட்டத் திட்டச் சிரிப்பும் வந்துவிட்டது அவளுக்கு.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றான் சிவசங்கர். "சுத்திதான் பழனி மாமா வூட்ல இருக்குதே, எதுல அடிச்ச?"

"உங்கம்மா மாதிரி, குழவிக்கல்லால."

நம்பிவிட்டார்கள். இத்தனை நாள் நிஜத்தைச் சொன்னேன், ஒருத்தரும் நம்பவில்லை. பழனி மட்டும் வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் கண்ணடித்தேன். அவன் திருப்பி அடிக்கவில்லை.

சாயங்காலம் சந்தியா கட்டிலில் உட்கார்ந்து பால் கொடுத்தாள். கதவைச் சாத்தவில்லை. எதிர்ச்சுவரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "உன் ஆயாடி" என்று பிள்ளையிடம் சொன்னாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பழனி சுத்தியலைத் திருப்பிக் கொடுக்க வந்தான். நீயே வைத்துக்கொள், எங்கள் வீட்டில் தேவைப்படாது என்றேன்.