பென்சிலில் மட்டும் இருந்த பெயர்

மார்ச் 4, திங்கள்

மழை. எங்கள் பழைய புத்தகக் கடைக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கழிப்பறை எங்கே என்று கேட்க வந்தவர்.

வீடு காலி செய்து கொடுக்கிற ஆட்களிடமிருந்து என் வீட்டுக்காரன் நெவில் மூன்று பெட்டி வாங்கி வந்திருக்கிறான். எல்லாம் சாமி புத்தகம்: பிரசங்கத் தொகுப்புகள், ஜெபப் புத்தகங்கள், தலையணைப் பருமனில் ஒரு குடும்ப பைபிள். இந்த யார்க்‌ஷயரில் பைபிள் இல்லாத பழைய வீடு கிடையாது. அதை விலை கொடுத்து வாங்க ஆளும் கிடையாது. "பித்தளைக் கொக்கியப் பாரு, அதுக்காகத்தான் எடுத்தேன்"னு சமாதானம் சொன்னான். கொக்கிக்கு ஆசைப்பட்டு பைபிளையே கட்டிக்கொண்டு வந்த கதை!

பிற்பகல் முழுக்க அதைச் சுத்தம் செய்தேன். என் வழக்கம் நேரானது. மையில் இருப்பது குடும்பத்தின் சொத்து, தொடமாட்டேன். பென்சிலில் இருப்பது பழைய கடைக்காரர்களின் விலை, பிள்ளைகளின் கிறுக்கல் - அது போகவேண்டியது. நேற்றைய ரொட்டியின் வெள்ளைப் பகுதியை உருட்டி ஒற்றி எடுத்தால் ரப்பரைவிட நல்லது, காகிதம் நோகாது. நடுவில் பிறப்பு, ஞானஸ்நானம், இறப்பு எழுதும் பக்கங்கள். ஆக்டன் என்ற குடும்பம், நாலு தலைமுறை. கடைசிப் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் பென்சில். பளிச்சென்று வந்துவிட்டது. ரொட்டி உதிரியைப் பின்பக்கம் குருவிகளுக்குப் போட்டேன்.

முதுகுத்தோல் கிழிந்திருக்கிறது. ஒட்டுவதற்கு நெவில் வீட்டுப் பட்டறைக்கு எடுத்துப் போனான்.

மார்ச் 12, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் ஓர் அம்மாள் கைத்தடியோடு வந்தார். எழுபது தாண்டியிருக்கும். மிஸஸ் கிளெக், தர்ஸா கிளெக். உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"ஏம்மா, ஆக்டன் வீட்டு பைபிள் இங்க வந்துச்சாமே? கல்யாணத்துக்கு முன்னாடி நான் ஆக்டன். எங்கண்ணன் போய்ச் சேர்ந்ததும் அவன் பொண்டாட்டி வீட்டையே வழிச்சுத் துடைச்சு அனுப்பிட்டா. மகராசி, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல."

வந்திருக்கிறது, ஒட்டுவதற்குப் போயிருக்கிறது, அடுத்த வியாழன் ஆகும் என்றேன். நல்ல வியாபாரம் என்றுகூட நினைத்தேன்.

"எனக்கு புஸ்தகம் பெருசில்ல கண்ணு. அதுல ஒரு பேரு இருக்கு."

ஆக்டன் வீட்டில் ஒரு வழக்கமாம். பிள்ளை பிறந்தால் பெயரை முதலில் பென்சிலில் எழுதுவார்கள். ஆலயத்தில் ஞானஸ்நானம் ஆன அன்று, மதியச் சாப்பாட்டுக்கு முன், அப்பா அதன்மேலேயே பேனாவால் எழுதுவார். "தண்ணி பட்ட பிறகுதான் மை"ன்னு சிரித்தார்.

அவருக்கு ஏழு வயதில் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனாள். வெறுங்கையோடு திரும்பினாள். பிள்ளை செத்தே பிறந்திருந்தது.

"அன்னைக்குச் சாயங்காலம் அப்பா பென்சிலைச் சீவி அந்தப் பக்கத்துல எழுதுனாரு. நான் கதவோரமா நின்னு பார்த்தேன். என்ன பேருப்பான்னு கேட்டேன். போய் விளையாடுன்னாரு. அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் அப்பாவும் அம்மாவும் அந்தப் பேச்சே எடுக்கல. நாங்களும் கேக்கல. பைபிளையும் அப்பா பூட்டியே வெச்சாரு, அப்புறம் அது அண்ணன் கைக்குப் போயிடுச்சு. அப்பல்லாம் செத்துப் பிறந்ததுக்கு சர்ட்டிபிகேட்ல பேரே போடமாட்டாங்க, தெரியுமா?"

இப்போது நகரக் கல்லறையில் அப்படிச் செத்துப் பிறந்த குழந்தைகளைப் புதைத்த இடத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்களாம். சின்னக் கல் வைத்துக்கொள்ளலாம். ஆக்டன் குழந்தை என்று போட்டால் போதும் என்றார்களாம். "அவன் என்ன பேரில்லாதவனா? எங்கப்பா வெச்சாரே."

அடுத்த வியாழக்கிழமை வாருங்கள் என்றேன். அதைத்தான் என்னால் சொல்ல முடிந்தது.

கடையை மூடிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். ஒட்டிய பைபிளை இறுக்கி வைத்திருந்த அழுத்துப்பலகையைத் தளர்த்தும்படி நெவிலிடம் சொன்னேன். விளக்கைச் சாய்த்துப் பிடித்தோம், பூதக்கண்ணாடி வைத்தோம். ஒன்றுமில்லை. தர்ஸாவின் அப்பா காகிதத்துக்கு வலிக்கக்கூடாது என்று அழுத்தாமல் எழுதியிருப்பார் போல. நான் நோகாமல் துடைத்தேன்னு பீத்திக்கிட்டேனே. ஐயோ, நான் என்ன பண்ணிட்டேன்.

"அழிக்கிறப்போ படிச்சிருப்பியே யூனா" என்றான் நெவில். படித்தேனா? கண் பார்த்திருக்கும். மனசு எங்கே இருந்தது? ராச்சாப்பாட்டுக்கு என்ன செய்யலாம் என்பதில்.

மார்ச் 13, புதன்

குருவிகளைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அந்தப் பெயரைத் தின்றவை.

மார்ச் 14, வியாழன்

"உள்ளதைச் சொல்லிடு"ன்னு நெவில் காலையிலேயே சொன்னான். சொல்லலாம் என்றுதான் இருந்தேன். அவர் வரும்போது, உட்காரவைத்து, டீ கொடுத்து, கையைப் பிடித்துக்கொண்டு.

மதியம் போன் வந்தது.

"பைபிளை எடுத்துப் பார்த்தியா கண்ணு? எனக்கு அடுத்த வாரம் வரைக்கும் பொறுமை இல்ல. வந்து பார்க்கலாம்னா இடுப்பு விடமாட்டேங்குது. பேரை மட்டும் வாசியேன்."

மேசையில் ஒரு ஜெபப் புத்தகம் திறந்து கிடந்தது. முன்தாளில் பழுப்பு மையில், 1811, ஆம்புரோஸ் லிஸ்டர்.

"ஆம்புரோஸ்" என்றேன்.

வாய் சொல்லிவிட்டது. காது அதற்குப் பிறகுதான் கேட்டது. அந்தப் பக்கம் அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு குரல்.

"ஆம்புரோஸா! மில்லுல தறி ஓட்டுன மனுசன் மகனுக்கு வெச்ச பேரைப் பாரு! எங்கப்பாவுக்கு இப்படி ஒரு ஆசை இருந்துச்சா?"

அந்த நொடியில் சொல்லியிருக்கலாம். இல்லீங்க, தப்பா வாசிச்சிட்டேன்னு சொல்லியிருந்தாக்கூடப் போதும். சொல்லவில்லை. லிஸ்டர் என்பவர் யாரோ, சில பக்கங்கள் கிழிந்த அந்த ஜெபப் புத்தகத்தின் சொந்தக்காரர். இரண்டு வீட்டிலும் திருடிவிட்டேன்.

மார்ச் 17, ஞாயிறு

நெவிலோடு சண்டை. ஒரு பொய்யைச் சொன்னவளுக்கு அதைக் காட்ட ஒரு பக்கம் வேண்டுமே. அவன் கைதான் எழுத்துக்குப் பேர்போனது. கேட்டேன்.

"கிழிஞ்சதை ஒட்டுவேன். இல்லாததை எழுதமாட்டேன்."

"அப்ப அந்தம்மா வந்து வெறும் காகிதத்தைப் பார்க்கட்டுமா?"

"பார்க்கட்டும். அழுவாங்க. உன்னைத் திட்டுவாங்க. அப்புறம் வீட்டுக்குப் போவாங்க. அதைத் தாங்க உனக்குத் தெம்பில்ல, அதான் விஷயம். அவங்களுக்காகப் பண்றேன்னு மட்டும் சொல்லாதே."

அவன் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போனபிறகு நானே எழுதினேன். மேலே தர்ஸா என்று மையில் அவர் அப்பா எழுதியிருந்தார். அந்தச் சாய்வு, அந்தச் சுழி. பழைய தாளில் பழகிப் பார்த்துவிட்டு, காகிதத்துக்கு வலிக்காமல் எழுதினேன்.

மார்ச் 21, வியாழன்

வந்தார். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். விரலை எழுத்துக்கு மேலேயே வைத்துக்கொண்டு, தொடாமல், இடமிருந்து வலமாக நகர்த்தினார்.

"எங்கப்பா கையெழுத்தேதான். அந்த ஆர் பாரு, வாலை மடக்கிட்டுத்தான் உக்காரும்."

நெவில் எழுந்து பின்பக்கம் போய்விட்டான்.

பைபிளுக்குக் காசு வேண்டாம் என்றேன். "சும்மா வாங்குனா ஆக்டன் ரத்தம் ஒத்துக்காது"ன்னு ஒரு பன்றிக்கறி பேஸ்ட்ரிப் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார். சந்தையிலேயே நல்ல கடையில் வாங்கியது. இன்னும் பிரிக்கவில்லை.

மே 18, சனி

கல் வைத்தார்கள். என்னையும் வரச் சொல்லியிருந்தார். போகாமல் இருக்கக் காரணம் தேடினேன், கிடைக்கவில்லை. சின்னக் கல். ஆம்புரோஸ் ஆக்டன். கீழே வருடம். தர்ஸா குனிய முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"ஆம்புரோஸு, அக்காடா. தர்ஸா அக்கா. லேட்டாயிடுச்சு, கோவிச்சுக்காதே."

நான் அழுதேன். என்னையும் சேர்த்துத்தான் அவர் தேற்றினார். "உனக்கு எவ்வளவு நல்ல மனசு"ன்னு சொன்னார். பூமி பிளக்காதா என்று இருந்தது.

ஜூலை 2, செவ்வாய்

கடையில் இப்போது எந்தப் பென்சிலையும் அழிப்பதில்லை. புத்தகங்கள் அழுக்காக இருக்கின்றன என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். போகட்டும்.

செப்டம்பர் 9, திங்கள்

வாசலில் யாரோ ஒரு பெண் நாயைக் கூப்பிட்டாள். அது தெருவைக் கடந்து கசாப்புக்கடைப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

"சைலஸ்! இங்க வா, திருட்டுப் பயலே! சைலஸ்!"

கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தேன். சைலஸ்.

சைலஸ் ஆக்டன். கடைசி எழுத்து மட்டும் கொஞ்சம் அழுத்தமாக இருந்தது, போக மறுத்தது, இன்னொரு ரொட்டி உருண்டை எடுத்தேன். இப்போது கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. ஆறு மாசம் எங்கே போயிருந்தாய்? கல் வெட்டுவதற்கு முன்னால் வந்திருக்கக் கூடாதா? ஒரு நாய்க்காகவா காத்திருந்தாய்?

நெவிலிடம் சொன்னேன். "இப்பவாவது சொல்லிடு யூனா. கல்லை மாத்திக்கலாம்" என்றான்.

நாளைக்குச் சொல்லிவிடுவேன். திட்டட்டும். அடிக்கட்டும்.

செப்டம்பர் 10, செவ்வாய்

பஸ் முழுக்க வாக்கியத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். "மிஸஸ் கிளெக், உங்க தம்பி பேரு சைலஸ்." முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும், மற்றதெல்லாம் பிறகு.

வாசல் மணியை அடிக்கும் முன்பே கதவு திறந்தது. அவர் கையில் போன், முகமெல்லாம் ஈரம்.

"வா வா! உனக்கு எப்படித் தெரிஞ்சுது? இப்பத்தான் லீட்ஸ்லேருந்து பேசுனாங்க. பேத்திக்குப் பையன் பிறந்துட்டான்! நல்ல கனம், நாலு கிலோவாம், கத்துற கத்துல ஆஸ்பத்திரியே அதிருதாம். என்ன பேரு வெச்சிருக்கா சொல்லு பார்க்கலாம்! ஆம்புரோஸு! நான் ஒரு வார்த்தை கேக்கல, அவளா வெச்சா. 'ஒரு தடவையாவது இந்தப் பேரோட ஒருத்தன் வளரட்டும் பாட்டி'ங்குறா."

என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். போனில் அந்தக் குழந்தையின் படம். சிவந்த முகம், மூடிய கை.

டீ குடித்தேன். கேக் சாப்பிட்டேன். ஞானஸ்நானத்துக்கு வருவதாக ஒப்புக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் நெவில் பட்டறையிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னே?"

"நல்ல பேருன்னு சொன்னேன்."