அமாவாசையில் ஓடாத தறி

டீச்சர்,

"ரிடையர் ஆனப்புறம் வேலைக்கு அப்ளை பண்ணா, நம்மள உள்ள உடுவானா?" என்று ஒருநாள் ஆர்.கே.பேட்டை பேருந்தில் கேட்டீர்கள். அதற்குப் பதில் இன்று காலை மின்னஞ்சலில் வந்திருக்கிறது. சென்னை நிறுவனத்தில் நான் தேர்வாகவில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்லவேண்டும் என்று எழுந்தேன். நீங்கள் காலமாகி எட்டு மாதமாகிறது என்பது கதவருகே போனபிறகுதான் நினைவுக்கு வந்தது.

பள்ளியில் நான் கணக்கு டீச்சர், நீங்கள் அறிவியல். ஓய்வு பெற்றபின் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், ஒரே மடிக்கணினியில் தரவு அறிவியல் படித்தோம். பயிற்சிக்காக அம்மையார்குப்பத்திலிருந்து உங்கள் தம்பியின் தறி நோட்டைக் கொண்டுவந்தீர்கள். தினம் எத்தனை சேலை நெய்தார்கள் என்று அதில் எழுதியிருந்தது. நடுவே சில நாட்கள் காலி. பாடத்தில் சொன்னபடி அங்கெல்லாம் சராசரியை நிரப்பினேன். நீங்கள் சிரித்த சிரிப்பில் காபி சிந்தியது.

"அமாவாசைல எவன் டீச்சர் தறில உக்காந்துகினு இருப்பான்? நீங்க போயி நெய்ஞ்சீங்களா?"

போன வாரம் நேர்காணலுக்கு மின்சார ரயிலில் போனேன். கண்ணாடி அறையில் ஓர் இளைஞர், விசைத்தறிப் பட்டறைகளின் தினசரி மின்சார எண்களைத் திரையில் காட்டினார். மாதத்துக்கு ஒரு நாள் காலி. எப்படி நிரப்புவீர்கள் என்றார். அந்த வேலை எனக்கு வேண்டும். அவர் எதிர்பார்த்த சொல்லும் தெரியும், சராசரி. ஆனால் ஒரு காலி நாளுக்கும் அடுத்ததற்கும் எத்தனை நாள் என்று எண்ணினேன்: இருபத்தொன்பது, முப்பது, இருபத்தொன்பது.

"இதெல்லாம் அமாவாசைங்க. தறி ஓடியிருக்காது. பட்டறைல கேக்காம இதுல கை வைக்க மாட்டேன்."

"கம்ப்யூட்டர் மாடலுக்கு அமாவாசை தெரியாது மேடம்."

"ஆங், அதுக்குத்தான் நான் வந்திருக்கேன்."

"ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டுட்டிருந்தா வேலை எப்ப மேடம் முடியும்?"

பரீட்சைக்கு வராத பிள்ளைக்கு வகுப்புச் சராசரியை மதிப்பெண்ணாகப் போட்டோமா நாம்? ஏன் வரவில்லை என்று வீட்டுக்கே போய்க் கேட்டோம். அதை அவரிடம் சொன்னேன். தலையசைத்தார், எதையும் குறித்துக்கொள்ளவில்லை.

"எங்கள் வேகத்துக்கு நீங்கள் பொருந்தமாட்டீர்கள்" என்கிறது மின்னஞ்சல். வருத்தம்தான், உங்களிடம் மறைப்பானேன். ஆனாலும் பதிலை மாற்றிச் சொல்லியிருக்கலாமோ என்று ஒரு கணமும் தோன்றவில்லை. ஒரு பட்டறைக்காவது தொலைபேசியில் பேசிப் பாருங்கள் என்று அவர்களுக்கு எழுதிவிட்டேன். திங்கட்கிழமை இன்னொரு நிறுவனம் கூப்பிட்டிருக்கிறது. அங்கேயும் இதையேதான் சொல்வேன். அறுபத்தொரு வயதில் உள்ளே விடாவிட்டால், அறுபத்திரண்டிலும் போய் நிற்பேன். உங்கள் சிரிப்பு ஒரு சராசரியை அழிக்க வைத்தது, இனி யார் சொல்லியும் அதைத் திரும்ப எழுதுவதாக இல்லை.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று: உங்களிடம் வரும் பட்டியலில் ஒரு கட்டம் காலியாக இருந்தால், அதை நிரப்புவதற்கு முன் எழுதியவரைக் கூப்பிட்டு, அன்று என்ன நடந்தது என்று கேளுங்கள்.