மடி கண்ட நாய்

கண்ணு அம்மணிக்கு,

சிரிக்காதே. நீ விட்டுப்போன ஷிட்சு நாய்க்கு என் சீப்பில்தான் சிக்கெடுக்கிறேன். அதே சீப்பில்தான் நானும் தலை வாருகிறேன்.

போனில் பேசினால் உன் அப்பா காதைத் தீட்டிக்கொள்கிறார், அதனால் இந்தக் கடுதாசி. நேற்று சாய்குமார் என்று ஒரு தம்பி உன் துணிப்பையை வாங்கிப்போக வந்தார். "ஒரே ஆபீஸுதானுங்க, அவ்வளவு பழக்கமில்லைங்க" என்றார். உன் சித்தப்பாவையே இன்றைக்கும் குரைத்து விரட்டுகிற நாய், அவர் காலடியில் மல்லாந்து படுத்துக்கொண்டது. குட்டைக்கால் நாய், நாற்காலியில்கூட ஏறாது. அவரே அதைத் தூக்கி மடியில் வைத்து, கைக்குட்டையை நனைத்துக் கண்ணோரத்துப் பீளையைத் துடைத்துவிட்டார்.

"ஏனுங்க தம்பி, பழக்கமில்லாத ஊட்டு நாய்க்கு இத்தனை பணிவிடைங்களா?" என்றேன். பாதிக் காபியோடு கிளம்பிவிட்டார்.

அந்த நாயை நீயே விலைக்கு வாங்கினாயா, யாராவது வாங்கிக் கொடுத்தார்களா? சும்மாதான் கேட்கிறேன். அப்பாவிடம் இன்னும் வாய் திறக்கவில்லை.

ஒரு செய்தி. ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பெண் பார்க்க வருவதாயிருந்த அவிநாசி மாப்பிள்ளையின் ஜாதகம் பீரோ மேலே இருந்தது. இன்று காலை அதை நாய் கடித்துக் குதறிவிட்டது. சகுனம் சரியில்லையென்று அப்பா அவர்களை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். நாயைக் காலையிலிருந்து திட்டிக்கொண்டிருக்கிறார். அது ஒன்றும் சொல்லவில்லை.

உன் அம்மா