காயம் தெரியாத அடி

ஆமத்தூர்,
புதன்கிழமை.

அன்புள்ள மாரிசெல்வி,

நலமா என்று கேட்டால் நலம் என்பாய். அதனால் கேட்கவில்லை.

போன் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறதென்று மல்லாங்கிணறு மாமா அதை வாங்கி வைத்துவிட்டாராமே. அதனால்தான் காகிதம். நம் டீம் முத்துமாரியின் அண்ணன் கொண்டுவந்து தருவார். ஒரே மூச்சில் படிக்காதே. தலை கனத்தால் மடித்து வை.

அன்று நடந்தது உனக்கு நினைவில்லை. நான் சொல்கிறேன். கபடி மேட்ச்சில் ரெய்டு போனாய். இழுத்தார்கள். பின்மண்டை தரையில் மோதியது. எழுந்து மண்ணைத் தட்டினாய். நாங்கள் கைதட்டினோம். பிறகு என்னிடம் வந்து யார் ஜெயிக்கிறார்கள் என்று கேட்டாய். சொன்னேன். மறுபடி கேட்டாய். மறுபடியும். பஸ்ஸில் வாந்தி எடுத்தாய்.

வீட்டில் உன் அப்பா முடியை விலக்கி விலக்கிப் பார்த்தார். பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவர். தீக்காயம் பார்த்துப் பழகிய கண். "ரத்தமுமில்ல, வீக்கமுமில்ல. காயத்தயே காணமே தாயி" என்றார். நம் பக்கம் எல்லோரும் அப்படித்தான். தோல் உரிந்தால்தான் அடி.

"கீள விளுந்த வெடிப் பெட்டிய, மேல்தாளு கிளியலன்னு லோடுல ஏத்துவீகளா சித்தப்பா?" என்று கேட்டேன். மறுநாள் வேலைக்குப் போகாமல் அவரே உன்னை விருதுநகருக்கு டாக்டரிடம் கூட்டிப் போனார்.

டாக்டரம்மா சொன்னதையும் நீ மறந்திருப்பாய். மூளை குலுங்கியிருக்கிறது. ஸ்கேனில் தெரியாது. தெரியவில்லை என்பதால் ஒன்றுமில்லை என்று ஆகாது. முதலில் ஓய்வு. பிறகு நடை. பிறகு ஓட்டம். கடைசியில்தான் ஆட்டம், அதுவும் அவர் பார்த்துச் சரி என்ற பிறகு. நடுவில் தலை வலித்தால் ஒரு படி கீழே இறங்கிவிட வேண்டும். பரீட்சைக்குப் படிப்பதும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். இது ஆறுவதற்குள் இன்னொரு அடி பட்டால்... அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. நானும் முடிக்கப்போவதில்லை.

அங்கே சத்தம் இல்லைதானே? இங்கே பட்டாசு சீசன். கம்பெனிகளில் வெடி போட்டுப் பார்க்கும்போதெல்லாம் நீ காதைப் பொத்திக்கொண்டு அழுததைப் பார்த்த பிறகுதான் உன்னை மாமா வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இனி செய்தி. ஞாயிற்றுக்கிழமை பல்கலைக்கழக அணிக்கு செலக்‌ஷன். நீ இல்லாமல் நம் காலேஜை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று கோச் ஒச்சப்பன் சாருக்குத் தெரியும். அன்று காலையில் காரோடு உன்னை அழைக்க வருகிறார். "கபடி ஆடுறவளுக்குத் தலவலி வராம பல்வலியா வரும்?" என்று சிரித்தார். முத்துமாரி விடவில்லை. "ஒங்க பைக்கு கீள விளுந்ததுக்கே ஒரு வாரம் ஒர்க்‌ஷாப்புல போட்டீகளே சார். அவ மண்டைக்கு அம்புட்டு மருவாதகூடக் கெடையாதா?" நாங்கள் சிரித்தோம். அவர் நிறுத்திவிட்டார்.

உன்னைக் கூட்டி வந்தால் நாங்கள் ஒருவரும் இறங்க மாட்டோம் என்றேன். எல்லோர் பெயரையும் அடித்துவிடுவேன் என்றார். அடியுங்கள் என்றேன். கேப்டன் ஜெர்சியை அவர் மேசைமேல் வைத்தேன். மற்றவர்களும் வைத்தார்கள். துவைத்துத்தான் வைத்தோம், முத்துமாரியைத் தவிர.

அவரைக் கண்டு பயமில்லை. உன்னை நினைத்தால்தான் பயம். வாசலில் கார் நின்றால் "சரியாயிருச்சு சார்" என்பாய். உனக்குப் பொய்யே வராது, இந்த ஒன்றைத் தவிர. சொல்லாதே. ஸ்போர்ட்ஸ் கோட்டா, ரயில்வே வேலை என்பார். உன் வீட்டுக்கு அந்த வேலை எவ்வளவு தேவை என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் ஏறாதே. மாட்டேன் என்று சொல். வாய் வராவிட்டால் உள்ளே போய்ப் படுத்துக்கொள். அன்று முதல் பஸ்ஸில் நான் வந்துவிடுவேன். வாசலில் நின்று நான் சொல்கிறேன்.

அதற்காக என்னோடு பேசாமல் இரு. கோபப்படு. நாம் கிழவிகளாகி, பல்லெல்லாம் கொட்டிய பிறகும், பேரப் பிள்ளைகளிடம் என்னைக் காட்டி, "எஞ் செலக்‌ஷனக் கெடுத்த சிறுக்கி இவதாம்லே" என்று நீ திட்ட வேண்டும். அதைக் கேட்க நான் உட்கார்ந்திருப்பேன்.

அத்தனை காலம் நீ இரு.

உன்,
எழில்