அப்பாவின் தாடையில் ஆறாத குழி

சிவகாசி
செப்டம்பர் 14

அன்பு மகன் டென்னிஸுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகள் ஸ்வீட்டியும் அந்தக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க ஆண்டவர் காக்கட்டும். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், அது பாதிதான் உண்மை. போனில் பேசும்போதெல்லாம் அப்பா பக்கத்திலேயே இருக்கிறார், "பையன்கிட்ட இதைச் சொல்லிராத"ன்னு கண்ணாலேயே மிரட்டுகிறார், அதனால்தான் கடிதம். இதை எழுதுவதற்குள் மூன்று முறை எழுந்துபோய் டார்ச் அடித்து அவர் வாயைப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஜூன் மாதம் அப்பாவுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று ஆடியது. வலி பொறுக்காமல், என்னிடமும் சொல்லாமல், பிரஸ்ஸில் கூட வேலை பார்க்கிற செந்தூர்பாண்டியோடு பைக்கில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று அங்கே கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. பத்து நாளில் மூடவேண்டிய குழி இரண்டு மாதமாகியும் மூடவில்லை. ஆகஸ்டில் ஒருநாள் உள்ளே மஞ்சளாக எலும்பு தெரிந்தது. இருபத்தொன்பது வருஷம் நர்ஸாக இருந்தும் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. மறுநாளே மதுரையில் ஒரு பல் டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

அந்த டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பொறுமையாகச் சொன்னார். பல்லைப் பிடித்து வைத்திருக்கிற எலும்பு, பல் முளைக்கும்போதே அதைச் சுற்றி உருவாகி வளர்கிறதாம், பல் போனால் அதுவும் மெல்லக் கரைகிறதாம். வெளியே கெட்டியான தகடு, நடுவில் பஞ்சு மாதிரி கண்ணறைகள். சுண்ணாம்புச் சத்து அதற்குக் கடினம் கொடுக்கிறது, உள்ளே ஓடுகிற நார் ஒடியாமல் காக்கிறது. மெல்லுகிற வேகத்துக்கு ஈடுகொடுக்க அது ஓயாமல் பழையதைக் கரைத்துப் புதிதாகக் கட்டிக்கொண்டே இருக்குமாம், உடம்பில் வேறு எந்த எலும்பும் இவ்வளவு வேகமாகத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளாதாம். அப்பா இடுப்பு முறிந்ததிலிருந்து சாப்பிடுகிற எலும்பு மாத்திரை அந்தக் கரைகிற வேலையைத்தான் நிறுத்துகிறது. இடுப்புக்கு அது நல்லது. ஆனால் பல் பிடுங்கிய இடத்தில் பழையது கரையாமல் புதியது எப்படி வரும்? அந்த இடத்து எலும்பு செத்துவிட்டது என்றார்.

ஆறு வருஷமாக ஞாயிறுதோறும் கோயிலுக்குக் கிளம்புமுன் அந்த மாத்திரையை என் கையால்தான் கொடுத்தேன். அதுகூடப் பரவாயில்லை. முதலில் எழுதிக் கொடுத்த எலும்பு டாக்டர், பல்லைக் காட்டிவிட்டு ஆரம்பியுங்கள் என்று சொன்னார். அன்றைக்கு இருந்த பதற்றத்தில் நான் அதைக் காதில் வாங்கவில்லை. இதை யாரிடமும் சொல்லாமல் மூன்று வாரம் சோறு இறங்காமல் கிடந்தேன்.

போன வியாழக்கிழமை, மரக்க ஊசி போட்டு அந்தச் செத்த துண்டை எடுத்தார்கள். புளியங்கொட்டை அளவுதான். அடியில் சுரண்டியதும் ரத்தம் கசிந்தது, உயிருள்ள எலும்பு என்று டாக்டரம்மா சிரித்தார். ரத்தத்தைப் பார்த்து நான் சந்தோஷத்தில் அழுதது அன்றைக்குத்தான். திரும்பி வரும்போது பஸ்ஸில், திருமங்கலம் தாண்டியதும், மனசு பொறுக்காமல் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். விருதுநகர் வந்ததும் அவர் என் பக்கம் திரும்பினார். ஊசியில் மரத்த வாயோடு குழறிக்குழறிச் சொன்னார்: "அந்த டாக்டரு சொல்லும்போது நானும் பக்கத்துலதான இருந்தேன், கனகமணி. எனக்கு நல்லாவே கேட்டுச்சு. பல்லு டாக்டருன்னா பயம், அதான் கேக்காத மாதிரி இருந்துட்டேன். நீயும் மறந்துட்டன்னு எம்புட்டு சந்தோசப்பட்டேன் தெரியுமா." எனக்கு அடிக்கவும் தோன்றியது, அவர் தோளில் சாயவும் தோன்றியது.

மாத்திரையை இப்போதைக்கு நிறுத்தியிருக்கிறார்கள். வாய் கொப்பளிக்க மருந்து, குழைந்த சோறு. 27ஆம் தேதி மறுபடி போகவேண்டும், அதுவரை எனக்கு இருப்புக்கொள்ளாது. பிரஸ்ஸில் காலண்டர் ஆர்டர் குவிந்து கிடக்கிறது, தான் இல்லாவிட்டால் பைண்டிங்கைக் கெடுத்துவிடுவார்கள் என்று இவர் வாசலுக்கும் நடுவீட்டுக்கும் நடக்கிறார், நான் டார்ச்சோடு பின்னால் நடக்கிறேன்.

கர்த்தர் உங்கள் இருவருக்கும் நல்ல சுகமும் சமாதானமும் தரட்டும். எந்த டாக்டரிடம் போனாலும் சாப்பிடுகிற மாத்திரையையெல்லாம் கேட்காமலே சொல்லிவிடு. அப்பாவிடம் போனில் இதைக் கேட்காதே, கேட்காத மாதிரி இருந்துவிட முடியாதபடி சத்தமாக நலம் விசாரித்தால் போதும், தானாகவே சொல்லிவிடுவார்.

உன் அம்மா,
ரா. கனகமணி