பதினொன்று என்று எழுத மாட்டேன்

9 ஜூன் 2025, திங்கள்

மலைக்கு வந்து இன்று மூன்றாம் நாள். அப்பா மேல்கொல்லையை உழுதுகொண்டிருக்கிறார். ஒரு மழை விழுந்தால் சாமை விதைத்துவிடலாம் என்று வானத்தையே பார்க்கிறார். "லீவு எத்தினி நாளு?" என்று இன்றும் கேட்டார். பத்து நாள் என்றேன். அது நான் கேட்டு வாங்கிய லீவு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

இங்கேயாவது எழுதிவைக்கிறேன்.

சென்னையில் தரைக்குக் கீழே மெட்ரோ பாதை குடைகிறார்கள். அந்த வழியில் மேலே இருக்கிற வீடுகள் இறங்குகின்றனவா என்று தினமும் அளப்பது என் வேலை. இரண்டு வருஷமாகச் செய்கிறேன். சுவர்களில் நான் அடித்த ஆணிகள் எவ்வளவு இறங்கியிருக்கின்றன என்று மில்லிமீட்டரில் எழுத வேண்டும். பதினைந்தைத் தொட்டால் வேலையை நிறுத்தணும், வீட்டுக்காரர்களுக்குச் சொல்லணும். அதுதான் விதி.

தச்சர் சந்து, பதினாலாம் நம்பர் வீடு. போன திங்கள் ஆறு மில்லிமீட்டர். செவ்வாய் ஒன்பது. புதன் பதிமூன்று. வியாழக்கிழமை பத்தொன்பது. மூன்று தடவை அளந்தேன், மூன்று தடவையும் அதேதான். இத்தனைக்கும் பாதை குடைகிற இயந்திரம் இன்னும் நாற்பது மீட்டர் தள்ளி நிற்கிறது. அதன் பற்களை மாற்றுகிறார்கள், இருபதாம் தேதி மறுபடி ஓடும். வருவதற்கு முன்பே இப்படி என்றால் வந்தால்?

சூப்பர்வைசர் சிவசங்கர் நோட்டை வாங்கிப் பார்த்தார்.

"பதினொன்னுன்னு போடு."

"பத்தொன்பது சார்."

"எனக்குக் கண்ணு தெரியும். பதினொன்னு போடு. வேலை நின்னா மேல இருக்கறவங்களுக்கு நான்தான் பதில் சொல்லணும்."

நான் போடவில்லை. அவரே போட்டார். கீழே என் பெயரை எழுதினார். மறுநாள் காலையில், "உனக்கு உடம்பு சரியில்ல போல. பத்து நாள் ஊருக்குப் போய்ட்டு வா" என்றார்.

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

10 ஜூன்

மழை இல்லை.

12 ஜூன், வியாழன்

சொல்லிவிட்டேன். கேழ்வரகுக் களி தட்டில் ஆறிப்போனது.

"ஒரு நம்பருக்காகவா வேலைய வுட்டுட்டு வந்த?" என்றார் அப்பா.

"வுடலப்பா. தொரத்திட்டாங்க."

"மன்னிப்பு கேட்டுட்டுப் போ. இந்த மலையிலேர்ந்து மெட்ரோவுக்குப் போன பொண்ணு நீ ஒருத்திதான்."

அம்மாவுக்கு வேறு கணக்கு. "எதுக்குப் போவணும்? ஆலங்காயத்துல நல்ல எடம் வந்துகீது. இங்கயே இருக்கட்டும்."

எனக்காக இருவரும் அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். பதினாலாம் நம்பர் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ராணியம்மாள் இருக்கிறார். வாசலில் தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைப்பவர். உள்ளே கட்டிலில் அவர் வீட்டுக்காரர், இரண்டு வருஷமாக எழுந்து நடக்க முடியாதவர். சுவர் சாய்ந்தால் அவர் எப்படி ஓடுவார்?

14 ஜூன், சனி

காவலூர் அப்சர்வேட்டரி ரோட்டில் போய் நின்றால்தான் நெட் ஒழுங்காக வருகிறது. அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். தினமும் எடுத்த அளவுகளை இந்த நாட்குறிப்பின் கடைசிப் பக்கங்களிலும் எழுதிவைப்பது என் பழக்கம். அது சிவசங்கருக்குத் தெரியாது. அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து, பெரிய இன்ஜினியர் இளவரசன் சாருக்கு மெயில் போட்டேன். அவரை இரண்டு முறை தூரத்தில் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அனுப்பினது அனுப்பினதுதான்.

15 ஜூன், ஞாயிறு

இளவரசன் சாரிடமிருந்து பதில் இல்லை. சிவசங்கரிடமிருந்து போன் வந்தது. அப்படியென்றால் மெயில் எங்கேயோ போய்ச் சேர்ந்திருக்கிறது.

"மலையில புளி பொறுக்கினு இருந்தவ நீ. எனக்கு மில்லிமீட்டர் கத்துத் தர்றியா? இனிமே கேட்டுக்குள்ள கால் வைக்காத. உன் பாஸை கேன்சல் பண்ணியாச்சு."

நான் சொன்னது, "சரி சார், ஆனா அது பத்தொன்பதுதான் சார்." அவ்வளவுதான் வந்தது. வைத்த பிறகுதான் நல்ல நல்ல பதிலாகத் தோன்றுகிறது. புளி பொறுக்கினேன் சார். படித்தும் இருக்கிறேன். வாணியம்பாடி வரை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் டிப்ளமோ முடித்தேன். உங்களுக்குத் தெரிகிற அதே பத்தொன்பதுதான் எனக்கும் தெரிந்தது. நீங்கள் பயந்தீர்கள். இதை அவரிடம் சொல்லியிருக்கணும். ச்சே.

16 ஜூன், திங்கள்

ராணியம்மாளுக்குப் போன் போட்டேன். வீட்டில் ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல கண்ணு. வாசக்கதவுதான் சாத்த வரமாட்டேங்குது. கட்டை ஊறிப்போச்சுன்னு நெனச்சேன்."

"அங்க மழை பெஞ்சுதா?"

அந்தப் பக்கம் கதவை மறுபடி இழுத்துப் பார்க்கிற சத்தம் கேட்டது. "இல்லியே."

நாளைக்குக் கிளம்புகிறேன். அப்பாவிடம் சொன்னதும், "போனா வேலை போவும்" என்றார். வேலை ஏற்கெனவே போயிடுச்சுப்பா, இன்னும் இன்னா போவணும்? பிறகு அவரே, விடியற்காலையில் வண்டியில் ஆலங்காயம் வரை கொண்டுவிடுகிறேன் என்று அம்மாவிடம் சொன்னாராம்.

18 ஜூன், புதன்

கேட்டில் விடவில்லை. விடமாட்டார்கள் என்று தெரிந்துதான் போனேன். ஆனால் தச்சர் சந்து பொதுத்தெரு. அங்கே நிற்க எனக்கு யாருடைய பாஸும் வேண்டாம்.

கம்பெனிக் கருவி இல்லை. ஹார்டுவேர் கடையில் கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற டியூப் வாங்கினேன். தண்ணீர் நிரப்பிப் பிடித்தால் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். முதல் நாள் சந்து முழுக்க ஒரே மட்டத்தில் ஆணி அடித்தது நான்தான். ஒரு முனையை, சந்துக் கோடியில் இறங்காத வீட்டு ஆணியில் ராணியம்மாள் பிடித்தார். மறுமுனையை நான் பதினாலாம் நம்பருக்குக் கொண்டுபோனேன். சந்தில் இருந்தவர்கள் எல்லாரும் பின்னாலேயே வந்தார்கள்.

ஆணி தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தது. ஸ்கேல் வைத்துக் காட்டினேன். இருபத்தாறு.

மீன் விற்கிற மாணிக்கம்மாள் ஸ்கேலைப் பிடுங்கித் தானே வைத்துப் பார்த்தார். "இம்மாந்தூரம் எறங்கிகீது, எங்ககிட்ட ஒருத்தனும் சொல்லல?"

நான் சொல்லியிருக்கணும். பத்தொன்பது வந்த வியாழக்கிழமையே சொல்லியிருக்கணும். மலைக்குப் போ என்றதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேனே — நான் மட்டும் என்ன ஒழுங்கு? எல்லார் முன்னாலும் அதையும் சொன்னேன். மாணிக்கம்மாள் என்னை முறைத்தார். பிறகு, "இப்ப வந்த இல்ல? நட" என்றார்.

நடந்தோம். முப்பத்தொரு பேர். இயந்திரம் இறங்கிய குழியின் கேட்டுக்கு எதிரில் உட்கார்ந்தோம். ராணியம்மாள் வீட்டுக்காரரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சிவசங்கர் ஆபீஸ் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார், வெளியே வரவில்லை.

19 ஜூன், வியாழன்

பதினோரு மணிக்கு இளவரசன் சார் வந்தார். கருவியோடு வந்தார், அதுதான் எனக்குப் பிடித்தது. யாரிடமும் பேசாமல் அவரே வைத்து, அவரே பார்த்தார். நான் பக்கத்தில் நின்றேன். இருபத்தேழு.

"மெயில் பாத்தேம்மா" என்றார். "உங்க சூப்பர்வைசர்கிட்ட விளக்கம் கேட்டு அனுப்பியிருந்தேன்."

"அவர்கிட்டயே கேட்டா வேற நம்பர்தான் சார் வரும்."

அவர் முகம் சிவந்தது. ஆனால் மறுக்கவில்லை.

இயந்திரம் நாளை ஓடாது. சந்தில் இருக்கிற பதினான்கு வீட்டுக்காரர்களையும் இன்றைக்கே வேறு இடத்துக்கு மாற்றுகிறார்கள். தரைக்குள் சிமெண்ட் கரைசல் செலுத்தி மண்ணை இறுக்கிய பிறகுதான் மறுபடி வேலை.

22 ஜூன், ஞாயிறு

ராணியம்மாள் வீட்டுப் பின்சுவர் நேற்று மத்தியானம் விழுந்தது. கட்டில் இருந்த அறை. வீட்டில் யாரும் இல்லை.

யாரும் இல்லை. இரண்டு தடவை எழுதியாகிவிட்டது, இன்னும் எழுதணும் போல இருக்கிறது.

6 ஆகஸ்ட், புதன்

மலைக்கே திரும்பிவிட்டேன். சாமை முழங்கால் உயரம் வந்துவிட்டது. கம்பெனியிலிருந்து கடிதம். திரும்ப வேலைக்கு வரலாமாம். ஆனால் அந்தப் பதினொன்று என் கைத்தவறு என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். சிவசங்கரை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்களாம், விஷயத்தைச் சுமுகமாக முடிக்கலாமாம்.

அப்பா கடிதத்தை இரண்டு முறை படித்தார். "இன்னா எழுதப் போற?"

"முடியாதுன்னு."

"இங்கிலீசுலயே எழுது. நல்லாப் புரியட்டும்."

3 நவம்பர், திங்கள்

மலை ரோட்டைச் சீர்செய்கிறவர்களிடம் அளவெடுக்கும் வேலையில் சேர்ந்து ஒரு மாதம். இன்று ஆலங்காயம் இறக்கத்தில் ஏழாவது வளைவு வரை முடித்தோம். வெயிலில் முகம் எரிகிறது.

சாயங்காலம் ராணியம்மாள் பேசினார். இயந்திரம் சந்துக்கு அடியில் போய் முடிந்துவிட்டதாம். பின்சுவரைப் புதிதாகக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள், சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லையாம்.

"இப்ப அளக்கறதுக்கு பூஜான்னு ஒரு பொண்ணு வருது. எழுதிட்டுப் போவப் பாத்துச்சு. நில்லும்மா, நம்பரைக் காட்டிட்டு எழுதுன்னோம். சந்தே சுத்தி நின்னுச்சு."

"காட்டிச்சா?"

"காட்டிச்சு. புது ஆணியில ரெண்டு மில்லிமீட்டர்தான்."

"கோவப்பட்டுதா?"

"இல்ல. நாளைக்கும் காட்டிட்டே எழுதறேங்கன்னு சொல்லிச்சு. மாணிக்கம்மா ஒரு நோட்டு வாங்கி வச்சிருக்கா. அது எழுதறதுக்கு முன்ன இவ எழுதிடறா."