வேலை நோட்டின் கடைசி வரி

அக்டோபர் 7, செவ்வாய்

இன்றும் அவள் படிக்கட்டில் தனியாகத்தான் சாப்பிட்டாள். ஐந்தாம் வகுப்பில் பதினோரு பேர். பத்துப் பேர் மரத்தடியில் வட்டம் போட்டு உட்கார்ந்திருக்க, ஒருத்தி மட்டும் படிக்கட்டில். சேர்ந்து நாலு மாதம் ஆகிறது, பிள்ளைகள் இன்னும் 'புதுசு' என்றுதான் கூப்பிடுகிறார்கள். மொத்தமே நாற்பத்து மூன்று பிள்ளைகள் படிக்கிற பள்ளி. வாசலில் 'நாம் ஒரே குடும்பம்' என்று கொட்டை எழுத்தில் எழுத வைத்த தலைமையாசிரியை நான்தான். உள்ளே நுழையும்போதெல்லாம் வெட்கமாக இருக்கிறது.

அக்டோபர் 9

புதுசின் அம்மா வந்திருந்தார். நர்ஸ். டூட்டி முடிந்து சீருடையோடு நேராக வந்திருக்கிறார்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலமே வயித்த வலிக்குதுங்கறா டீச்சர். எல்லா டெஸ்டும் எடுத்தாச்சு, ஒண்ணும் இல்ல. அவளுக்கு ஒரே ஒரு ஆள் கெடச்சாப் போதும். இந்த மாசம் பாப்பேன், இல்லன்னா டி.சி. வாங்கிடுவேன்."

என் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். எந்த தைரியத்தில்?

அக்டோபர் 13, திங்கள்

வழி கிடைத்துவிட்டது. வகுப்புத் தலைவியிடம் ஒரு வேலை நோட்டு உண்டு. கரும்பலகை துடைக்க, மணி அடிக்க, குப்பைக்கூடை கொட்ட என்று வாரத்துக்கு ஒருவர் பேர் இருக்கும். வேலை முடிந்ததும் டிக் போடுவார்கள். அதில் கடைசியாக ஒரு வரி சேர்த்தேன். இந்த வாரம் வாயாடி என்று நாங்கள் கூப்பிடும் பெண்ணின் முறை.

கணக்கு சார் பார்த்துவிட்டு, "இதெல்லாம் சரிப்பட்டு வருமா டீச்சர்?" என்றார்.

"பிள்ளைங்க டூட்டின்னா உயிரக் குடுத்துச் செய்வாங்க சார்" என்றேன். என்ன ஒரு பெருமை எனக்கு.

அக்டோபர் 22

டூட்டி வேறு பெண்ணுக்கு மாறியும் வாயாடி படிக்கட்டை விட்டு நகரவில்லை. வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். நான் சொல்லவில்லை, யாரும் சொல்லவில்லை. இன்றைக்குத்தான் எனக்கும் சோறு இறங்கியது.

அக்டோபர் 27

புதுசுக்கு இதுவரை ஒரு வேலையும் கொடுத்ததில்லை, பாவம் என்று விட்டிருந்தேன். இனி என்ன? நாளை முதல் மணி அடிப்பது அவள்தான்.

அக்டோபர் 28

காலை மணி கணீரென்று அடித்தது. மதிய மணி அடிக்கவே இல்லை.

தலைவி வந்து சொன்னாள்: "டிக் போடறதுக்கு நோட்டக் குடுத்தேன் டீச்சர். பக்கம் பக்கமாப் படிச்சா. மூடி வெச்சிட்டு பாத்ரூம் போனவ வெளியவே வரல."

நோட்டை வாங்கிப் பார்த்தேன். 'குப்பைக்கூடை கொட்ட' — டிக். அதற்குக் கீழே, 'புதுசோடு சாப்பிட' — டிக். நாள் தவறாமல் டிக். எழுத்து என்னுடையது.

அய்யோ, என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கேன் நான். ஒரு கொழந்தைய குப்பைக்கூடைக்குக் கீழ எழுதி வெச்சிருக்கேனே.

அக்டோபர் 29

வரவில்லை.

அக்டோபர் 31

வீட்டுக்குப் போனேன். அவள் அறைக் கதவைத் திறக்கவில்லை. உள்ளே இருந்து குரல் மட்டும்.

"வாயாடிக்கு போன வாரம் டூட்டி இல்லல்ல டீச்சர்? ஆனாலும் எங்கூட உக்காந்தா. அதுவும் நீங்க சொல்லித்தானா?"

"இல்லம்மா. சத்தியமா இல்ல."

அது நிஜம். ஆனால் நானே நம்பமாட்டேன் என்னை. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அழுதேன். அவள் அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். திட்டியிருக்கலாம்.

நவம்பர் 10

டி.சி. கொடுத்தாயிற்று. காரணம் என்ற இடத்தில் 'வீடு மாற்றம்' என்று எழுதச் சொன்னார் அவள் அம்மா. அவர்கள் வீடு மாறவில்லை. எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மதியம் படிக்கட்டில் வாயாடி தனியாக உட்கார்ந்திருந்தாள். "மரத்தடிக்குப் போயேன்டா" என்றேன். "இது டூட்டியா டீச்சர்?" என்று கேட்டாள்.

நவம்பர் 11

எனக்கு இந்த வேலைக்குத் தகுதி இல்லை.

டிசம்பர் 4

பஸ் நிறுத்தத்தில் அவளைப் பார்த்தேன். வேறு பள்ளிச் சீருடை. சாலைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு பெண் அவள் பேரைச் சொல்லிக் கத்திக் கூப்பிட்டாள். இவள் திரும்பி வாய்விட்டுச் சிரித்தாள். அவளுக்கு அப்படி ஒரு சத்தமான சிரிப்பு இருப்பதே எனக்குத் தெரியாது. நான் விளம்பரப் பலகைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்.

அந்தப் பேர் காதிலேயே நிற்கிறது. வருகைப் பதிவு எடுக்கும்போது தவிர, எங்கள் பள்ளியில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்து இந்த டைரியை முதலிலிருந்து புரட்டிப் பார்த்தேன். நானும் ஒரு இடத்தில்கூட எழுதவில்லை.